பென்சில் கோட்டிலிருந்து 9 கிகாஹேர்ட்ஸ் வரை: ஓவர்குளொக்கிங்கின் நாற்பது வருடக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீட்டில் கணினியோடு மல்லுக்கட்டும் பிள்ளை ஒருவர் இருந்தால் அவருக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

இன்று ஒரு புதுக் கணினியின் விலை எங்கே போய் நிற்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. 2022இல் டொலர் ஏறிய பிறகு, பிள்ளைக்கு ஒரு டெஸ்க்டொப் வாங்குவதென்றால் வாப்பாமார் பல மாதம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால் இருக்கிற பழைய கணினியை இன்னும் வேகமாக ஓட வைக்க முடியாதா என்று இளைஞர்கள் தேடுகிறார்கள். யூடியூபைத் திறந்தால் "பத்து நிமிடத்தில் இலவச வேகம்" என்று ஆயிரம் காணொளிகள். அதற்குப் பிறகு என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "சேர், ஓவர்குளொக் பண்ணினால் புரொசசர் எரியுமா?"

ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால் ஏன் என்று விளங்காது. இந்த வேலைக்கு நாற்பது வருட வரலாறு இருக்கிறது. இன்று நாம் "பாதுகாப்பு விதி" என்று சொல்பவை எல்லாம் அந்த வரலாற்றில் யாரோ ஒருவர் காசைக் கரைத்துப் படித்த பாடங்கள். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

*குளொக் என்றால் என்ன?*

தாய்ப்பலகையில் ஒரு சிறிய குவார்ட்ஸ் பளிங்கு இருக்கிறது. மின் கொடுத்தால் அது சீராக அதிரும். அந்த அதிர்விலிருந்துதான் புரொசசருக்குரிய துடிப்பு கிடைக்கிறது. வள்ளத்தில் துடுப்பு வலிப்பவர்களுக்கு ஒருவர் தாளம் போடுவது போல. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில், உள்ளே இருக்கும் திரான்சிற்றர்கள் எல்லாம் தங்கள் வேலையை முடித்துவிட வேண்டும். தாளத்தை வேகமாகப் போட்டால் வேலை வேகமாக நடக்கும். அளவுக்கு மீறி வேகமாகப் போட்டால், சிலர் துடுப்பைத் தூக்கும் முன்னரே அடுத்த தாளம் வந்துவிடும். புரொசசரில் அது பிழையான விடையாக வெளிவரும்.

உற்பத்தியாளர் குறித்த மீடிறனுக்கு மேலே இந்தத் தாளத்தை ஏற்றுவதுதான் ஓவர்குளொக்கிங்.

*1981: முதல் கணினியே முழு வேகத்தில் ஓடவில்லை*

1981 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஐபிஎம் நிறுவனம் தனது பீசியை அறிமுகப்படுத்தியது. அதிலிருந்த இன்டெல் 8088 புரொசசர் 5 மெகாஹேர்ட்ஸ் வரை ஓடக்கூடியது. ஆனால் அந்தக் கணினி ஓடியது 4.77 மெகாஹேர்ட்ஸில். காரணம் சிக்கனம். தாய்ப்பலகையில் 14.31818 மெகாஹேர்ட்ஸ் பளிங்கு ஒன்றை வைத்தார்கள். அதை நான்கால் வகுத்தால் அமெரிக்கத் தொலைக்காட்சியின் வர்ணச் சமிக்ஞைக்குத் தேவையான 3.58 கிடைக்கும். மூன்றால் வகுத்தால் 4.77 கிடைக்கும். ஒரே பளிங்கில் இரண்டு வேலை.

புரொசசரின் மேல் எழுதியிருக்கும் எண் இயற்கை விதித்த எல்லை இல்லை என்பதை இந்த முதல் கணினியே காட்டிவிட்டது. பொறியியல், விலை, வியாபாரம் என்று பல கணக்குகள் சேர்ந்துதான் அந்த எண் பிறக்கிறது. அந்த இடைவெளியைப் பயன்படுத்தப் பார்த்தவர்கள்தான் ஓவர்குளொக்கர்கள்.

*1984: பளிங்கை மாற்றியவர்கள்*

1984இல் ஐபிஎம் ஏடி வந்தது. புரொசசர் 80286, வேகம் 6 மெகாஹேர்ட்ஸ். பலகையில் இருந்தது 12 மெகாஹேர்ட்ஸ் பளிங்கு. அதன் பாதிதான் புரொசசரின் வேகம். அந்தப் பளிங்கைக் கழற்றிவிட்டு 16 மெகாஹேர்ட்ஸ் பளிங்கைப் போட்டால் கணினி 8இல் ஓடும் என்று ஆட்கள் கண்டுபிடித்தார்கள். சில டொலர் செலவில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம்!

ஐபிஎம்முக்கு இது பிடிக்கவில்லை. பின்னர் வந்த ஏடியின் பயோஸில் வேகத்தைச் சோதிக்கும் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். அளவுக்கு மேல் வேகமாக ஓடினால் கணினி தொடங்காது. உற்பத்தியாளருக்கும் பாவனையாளருக்கும் இடையிலான இழுபறி அன்றே ஆரம்பித்துவிட்டது.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் "டர்போ" என்று ஒரு பொத்தான் இருந்ததை மூத்தவர்கள் கண்டிருப்பீர்கள். அதன் உண்மையான பயன் வேகத்தைக் குறைப்பது. பழைய விளையாட்டுகள் 4.77 மெகாஹேர்ட்ஸை நம்பி எழுதப்பட்டிருந்தன. வேகமான கணினியில் அவை கண்மூடித் திறப்பதற்குள் ஓடி முடிந்துவிடும். அதனால் டர்போவை நிறுத்தி மெதுவாக்கி விளையாடுவார்கள்.

*1990கள்: ஜம்பரும் கள்ள முத்திரையும்*

1992இல் 486டிஎக்ஸ்2 வந்தபோது ஒரு புதுமை நடந்தது. பலகை 33 மெகாஹேர்ட்ஸில் ஓட, புரொசசர் உள்ளே அதை இரண்டால் பெருக்கி 66இல் ஓடியது. பலகையின் வேகம், பெருக்கும் எண் என்று இப்போது இரண்டு இலக்கங்கள். பலகையில் இருக்கும் சிறு ஜம்பர்களை இடம் மாற்றினாலே வேகத்தை மாற்றலாம் என்ற நிலை வந்தது. பற்றாசுக் கோல் தேவையில்லை.

வசதி வந்ததும் மோசடியும் வந்தது. குறைந்த வேகப் புரொசசர்களின் மேல் இருக்கும் எழுத்தைச் சுரண்டிவிட்டு, கூடிய எண்ணை அச்சடித்துக் கூடிய விலைக்கு விற்கும் கும்பல்கள் உருவாகின. வாங்கியவர் தனது கணினி ஓவர்குளொக் செய்யப்பட்டது என்பதே தெரியாமல் பாவித்தார். இந்தக் கள்ள முத்திரையைத் தடுக்கத்தான் பெருக்கும் எண்ணைப் பூட்டுகிறோம் என்று இன்டெல் சொன்னது. சில நேர்மையற்ற வியாபாரிகளால் எல்லோருக்கும் கதவு மூடப்பட்டது.

பெருக்கும் எண் பூட்டப்பட்டதும் ஆட்கள் பலகையின் வேகத்தை ஏற்றத் தொடங்கினார்கள். இங்கே மறைந்திருந்த ஆபத்து வேறு. பலகையின் வேகத்தை 66இலிருந்து 83ஆக ஏற்றினால், அதில் பாதியில் ஓடும் பிசிஐ பாதையும் 33இலிருந்து 41க்கு மேல் போய்விடும். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் தரவும் அந்த வழியால்தான் போகிறது. புரொசசர் நன்றாகத்தான் இருக்கும். டிஸ்கில் எழுதப்படும் கோப்புகள் கெட்டுப்போகும்.

முதல் பாடம்: எரிவதை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது. சத்தமில்லாமல் தரவு கெடுவது அதைவிடப் பெரிய நட்டம். புரொசசரைக் கடையில் வாங்கலாம். அழிந்த குடும்பப் படங்களையும் பரீட்சைச் செயற்றிட்டத்தையும் வாங்க முடியாது.

*1998: செலரோன் 300ஏ*

ஓவர்குளொக்கிங் வரலாற்றில் ஒரேயொரு புரொசசரின் பெயரைத்தான் சொல்ல வேண்டுமென்றால் அது இதுதான். 1998 ஓகஸ்ட் 24ஆம் திகதி இன்டெல் இரண்டு புரொசசர்களை வெளியிட்டது. ஒன்று பெண்டியம் 2, 450 மெகாஹேர்ட்ஸ், விலை 669 டொலர். மற்றது செலரோன் 300ஏ, 300 மெகாஹேர்ட்ஸ், விலை 149 டொலர்.

செலரோனின் பெருக்கும் எண் 4.5இல் பூட்டப்பட்டிருந்தது. 66ஐ 4.5ஆல் பெருக்கினால் 300. பலகையின் வேகத்தை 100 ஆக்கினால்? 450. அப்போதைய பிஎக்ஸ் பலகைகள் 100 மெகாஹேர்ட்ஸை முறையாகவே ஆதரித்தன. அந்த வேகத்தில் பிசிஐ பாதை மூன்றில் ஒரு பங்காக வகுக்கப்பட்டு வழமையான 33இலேயே நிற்கும். தரவு கெடும் பிரச்சினை இல்லை. அதோடு செலரோனின் 128 கிலோபைட் கேஷ் நினைவகம் புரொசசருக்குள்ளேயே இருந்து முழு வேகத்தில் ஓடியது. பெண்டியம் 2இன் 512 கிலோபைட் கேஷ் வெளியே இருந்து பாதி வேகத்தில் ஓடியது. பல வேலைகளில் 149 டொலர் புரொசசர் 669 டொலர் புரொசசரோடு தோளோடு தோள் நின்றது.

வேகத்தை மாற்ற வசதியில்லாத பலகை வைத்திருந்தவர்கள் புரொசசர் அட்டையின் பி21 என்ற முனையைச் சிறு ஒட்டுநாடாத் துண்டால் மூடினார்கள். பலகை ஏமாந்து 100இல் தொடங்கும்.

ஏன் இது சாத்தியமானது? புரொசசர்கள் ஒரே வட்டத் தகட்டில் நூற்றுக்கணக்கில் செய்யப்பட்டு, பிறகு சோதித்துத் தரம் பிரிக்கப்படுகின்றன. விலை குறைந்தவைக்கு சந்தையில் தேவை கூடினால், நல்ல தரமானவையும் குறைந்த எண்ணோடு விற்கப்படும். ஆனால் எல்லா 300ஏயும் 450 போகவில்லை. ஒருவருக்குப் போனது மற்றவருக்குப் போகவில்லை. இது இரண்டாம் பாடம்: காணொளியில் காட்டுபவரின் புரொசசர் அவருடையது. உங்களுடையது வேறு. அவருடைய எண்களை அப்படியே கொப்பி பண்ணக் கூடாது.

*2000: பென்சிலால் திறந்த பூட்டு*

அடுத்த கதாநாயகன் ஏஎம்டி. 2000ஆம் ஆண்டு வந்த அத்லோன் தண்டர்பேர்ட், டியூரோன் புரொசசர்களின் மேற்பரப்பில் "எல்1" என்று பெயரிட்ட சிறு செம்புப் புள்ளிகள் இருந்தன. அவற்றுக்கு இடையிலான பாலங்கள் வெட்டப்பட்டிருந்தால் பெருக்கும் எண் பூட்டப்பட்டிருக்கும். பென்சிலின் காரீயம் மின்னைக் கடத்தும் என்று நாம் தரம் 6இலேயே படிக்கிறோம். அதைத்தான் செய்தார்கள். வெட்டப்பட்ட பாலத்தின் மேல் பென்சிலால் கோடு கீறினார்கள். பூட்டுத் திறந்தது! அடுத்த வருடம் வந்த அத்லோன் எக்ஸ்பியில் அந்த இடங்களில் லேசரால் குழி தோண்டி வைத்தார்கள். பென்சில் வித்தை அத்தோடு கஷ்டமானது.

அதே வருடம் உற்பத்தியாளர்களே ஓவர்குளொக்கர்கள் போல நடந்துகொண்டார்கள். 2000 மார்ச்சில் ஏஎம்டியும் இன்டெலும் சில நாள் இடைவெளியில் 1 கிகாஹேர்ட்ஸைத் தொட்டன. போட்டியில் முந்துவதற்காக இன்டெல் ஜூலை இறுதியில் 1.13 கிகாஹேர்ட்ஸ் பெண்டியம் 3ஐ வெளியிட்டது. விமர்சகர்கள் அதில் லினக்ஸ் கருவைத் தொகுக்கும் வேலையைக் கொடுத்தபோது அது தடுமாறி நின்றது. ஒரு மாதத்துக்குள் இன்டெல் அதைத் திருப்பி அழைத்துக்கொண்டது. விளையாட்டில் சரியாக ஓடுவது வேறு, கடினமான வேலையில் பிழையில்லாமல் ஓடுவது வேறு என்பது உலகத்துக்கே தெரிந்தது.

*வெப்பத்தின் கணக்கு*

உயர்தரத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது எளிது. புரொசசர் வேலை செய்யும்போது செலவாகும் வலு, கொள்ளளவத்தோடும், வோல்ற்றளவின் வர்க்கத்தோடும், மீடிறனோடும் கூடுகிறது. வேகத்தை மட்டும் 10 வீதம் ஏற்றினால் இந்த வலு 10 வீதம் கூடும். அதோடு வோல்ற்றளவையும் 10 வீதம் ஏற்றினால்? 1.1ஐ மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள்: 1.331. அதாவது 33 வீதம் கூடுதல். கிடைத்தது 10, கொடுத்தது 33.

2001இல் டொம்ஸ் ஹார்ட்வெயார் என்ற இணையத்தளம் ஒரு காணொளி வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் புரொசசர்களின் கூலரைக் கழற்றினார்கள். பெண்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்து உயிர் தப்பியது. அத்லோன் சில கணங்களில் புகைந்து கருகியது. அதன் பிறகுதான் வெப்பப் பாதுகாப்பு என்ற விடயம் சாதாரண பாவனையாளரின் காதுக்கும் எட்டியது. இன்றைய புரொசசர்கள் எல்லாம் சூடு எல்லையைத் தாண்டினால் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். அதையும் மீறினால் அணைந்துவிடும். ஆகவே "எரியுமா?" என்ற கேள்விக்கு, வெப்பத்தால் உடனே எரிவது இன்று அரிது என்று சொல்லலாம்.

ஆனால் மெதுவாகச் சாவது அரிதல்ல. 2002, 2003 காலத்தில் நோர்த்வூட் வகைப் பெண்டியம் 4ஐ 1.7 வோல்ற்றுக்கு மேல் ஏற்றியவர்கள் பலர், சில வாரங்களில் அல்லது மாதங்களில் புரொசசர் திடீரென்று செத்துப் போனதைக் கண்டார்கள். அதன் வழமையான அளவு 1.5 வோல்ற். கூலர் நல்லது, வெப்பநிலை நல்லது, ஆனாலும் செத்தது. ஆட்கள் சொன்ன காரணம், மெல்லிய உலோகக் கம்பிகளில் ஓட்டம் கூடும்போது இலத்திரன்கள் உலோக அணுக்களையே தள்ளிக்கொண்டு போவது. ஆற்று வெள்ளம் கரையை அரிப்பது போல. மோட்டரோலாவின் ஜேம்ஸ் பிளாக் 1969இலேயே இதற்குச் சமன்பாடு எழுதியிருந்தார்: ஓட்ட அடர்த்தியும் வெப்பநிலையும் கூடக் கூட ஆயுள் குறையும்.

மூன்றாம் பாடம்: வேகத்தை விட வோல்ற்றளவே ஆபத்தானது. வேகம் கூடினால் கணினி நின்றுவிடும், திரும்பத் தொடங்கலாம். வோல்ற்றளவு செய்யும் சேதம் திரும்பாது.

*யாருக்கும் தெரியாத பிழைகள்*

1996இல் ஜோர்ஜ் வோல்ட்மன் மிகப் பெரிய முதன்மை எண்களைத் தேடும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். உலகம் முழுக்கத் தன்னார்வலர்களின் கணினிகள் அதில் சேர்ந்தன. வாரக்கணக்கில் ஓடும் கணக்கில் ஒரு இலக்கம் பிழைத்தாலும் எல்லாம் வீண். அதனால் கணினி நம்பகமானதா என்று வதைத்துப் பார்க்கும் சோதனை ஒன்றை அந்த பிரைம்95 மென்பொருளில் வைத்தார்கள். இன்றும் ஓவர்குளொக்கர்கள் தங்கள் கணினியைச் சோதிப்பது இதனால்தான். விளையாட ஒரு வேகம் தேடியவர்களுக்கு, கணிதம் தேடியவர்களின் கருவி கைகொடுத்தது.

2005இல் மைக்ரோசொஃப்டின் ரேமண்ட் சென் ஒரு விடயம் எழுதினார். வின்டோஸ் நின்றுபோன அறிக்கைகளை ஆராய்ந்த ஒருவர், பிழைக்கவே முடியாத கட்டளைகளில் கணினி நின்றிருப்பதைக் கண்டார். ஒரு பதிவகத்தைப் பூச்சியமாக்குவது போன்ற சாதாரண கட்டளை. பாவனையாளர்களிடம் விசாரித்தபோது சிலர் ஓவர்குளொக் செய்திருந்தார்கள். வேறு சிலருக்கு அந்தச் சொல்லே தெரியாது. கணினியை விற்ற கடையே சொல்லாமல் செய்திருந்தது. பிறகு 2011இல் மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் ஏறத்தாழ பத்து இலட்சம் கணினிகளின் தரவுகளைப் பார்த்து, ஓவர்குளொக் செய்தவை கூடுதலாக நின்றுபோவதையும், வேகம் குறைக்கப்பட்டவை குறைவாக நின்றுபோவதையும் உறுதி செய்தார்கள்.

*இன்று*

2004இல் 4 கிகாஹேர்ட்ஸ் பெண்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டது. வெப்பம் சுவராக நின்றது. 2008இல் டர்போ பூஸ்ட் வந்தது: சூடும் வலுவும் இடம் கொடுத்தால் புரொசசரே தன் வேகத்தை ஏற்றிக்கொள்ளும். 2011இல் பெயரின் முடிவில் "கே" என்ற எழுத்து உள்ள பூட்டுத் திறந்த புரொசசர்கள் பரவலாகின. அன்று திருட்டுத்தனமாகச் செய்தது இன்று காசு கொடுத்து வாங்கும் வசதியாகிவிட்டது. 2022 டிசம்பரில் கோர் ஐ9-13900கே ஒன்றைத் திரவ வாயுவால் உறைய வைத்து 9 கிகாஹேர்ட்ஸையும் தாண்டினார்கள். அது கார் பந்தயம் போன்றது. வீட்டுக்கு ஓட்டிப் போகும் கார் அல்ல.

ஆனால் வேகத்தின் எல்லை வரை தொழிற்சாலையே ஓட்டிவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் கண்டோம். இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசசர்களில் பல, யாரும் ஓவர்குளொக் செய்யாமலே தடுமாறின. தேவைக்கு மிஞ்சிய வோல்ற்றளவு காரணம் என்று 2024இல் இன்டெல் ஏற்றுக்கொண்டு, பயோஸ் வழியாகத் திருத்தம் கொடுத்து, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீடித்தது. அந்த வகை வைத்திருப்பவர்கள் பயோஸைப் புதுப்பித்துவிட்டீர்களா என்று இன்றே பாருங்கள்.

*அப்படியென்றால் செய்யலாமா?*

செய்யலாம், இந்த ஒழுங்கில்:

1. முதலில் உங்கள் புரொசசரும் பலகையும் இடம் கொடுக்குமா என்று பாருங்கள். அலுவலகங்களிலிருந்து வந்து பழைய விலைக்கு விற்கப்படும் பிராண்ட் கணினிகள் அநேகமானவற்றில் பயோஸில் அந்த வசதியே இல்லை. வீணாக நோண்டாதீர்கள்.

2. முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்கில் பிரதி எடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

3. தூசியைத் தட்டி, பழைய தேர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் பூசி, வழமையான வேகத்தில் முழுச் சுமையில் வெப்பநிலை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுவே 85 பாகையைத் தாண்டினால் ஓவர்குளொக்கிங்கை மறந்துவிடுங்கள்.

4. பவர் சப்ளை தரமானதா? பெயர் தெரியாத மலிவான ஒன்றென்றால் அங்கேயே நில்லுங்கள்.

5. வோல்ற்றளவைத் தொடாமல், பெருக்கும் எண்ணை மட்டும் ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படிக்கும் சோதனை ஓட விடுங்கள். தடுமாறினால் ஒரு படி இறங்குங்கள். பலருக்கு இதுவே போதும்.

6. வோல்ற்றளவை ஏற்றத்தான் வேண்டுமென்றால், உங்கள் தலைமுறைப் புரொசசருக்குரிய எல்லையைத் தேடிப் படித்துவிட்டு, மிகச் சிறு படிகளில் ஏற்றுங்கள். வேறு தலைமுறையின் எண் உங்களுக்குப் பொருந்தாது.

7. கடைசியில் பல மணி நேரச் சோதனை. ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான்.

இன்னொன்று. குளிர் நாட்டில் இருப்பவரின் அறை 20 பாகை. நம் அறை மின்விசிறி சுற்றினாலும் 32. கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறையின் சூட்டுக்கு மேலிருந்துதான் கணக்குத் தொடங்கும். நமக்கு 12 பாகை ஏற்கனவே செலவாகிவிட்டது.

அதனால் நம் நாட்டுக்கு நான் கூடுதலாகச் சொல்வது, அதே வர்க்கக் கணக்கைத் திருப்பிப் போடுவதைத்தான். பயோஸ் இடம் கொடுத்தால், வேகத்தை அப்படியே விட்டு வோல்ற்றளவைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். 10 வீதம் குறைக்க முடிந்தால் 0.9இன் வர்க்கம் 0.81, கிட்டத்தட்ட 19 வீத வலு மிச்சம். சூடு குறையும், ஆயுள் கூடும், மின் பட்டியலும் கொஞ்சம் இறங்கும். இதற்கும் அதே சோதனைகள் வேண்டும். குறைத்தது அதிகமென்றால் கணினி தடுமாறும் அல்லது நின்றுவிடும், ஆனால் புரொசசருக்குச் சேதம் வராது. பழைய கணினி மெதுவாக இருப்பதற்குக் காரணம் பல வேளைகளில் புரொசசர் அல்ல, பழைய ஹார்ட் டிஸ்க்தான். ஒரு எஸ்எஸ்டி போட்டாலே எந்த ஓவர்குளொக்கிங்கும் தராத மாற்றத்தைக் காண்பீர்கள்.

கடைசியாக நம் ஊர்க் கடைக்காரத் தம்பிமாருக்கும், பாவித்த கணினியை விற்பவர்களுக்கும். ஓவர்குளொக் செய்த கணினியை விற்பது தவறில்லை. சொல்லாமல் விற்பதுதான் தவறு. வாங்குபவர் உங்களை நம்பித்தான் காசைக் கொடுக்கிறார்; அது அமானிதம். விற்க முன் பயோஸைப் பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள், எவ்வளவு காலம் எப்படி ஓடியது என்று வாய் திறந்து சொல்லுங்கள். வாங்குபவர்களும் "இதை ஓவர்குளொக் பண்ணினீர்களா?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். பயோஸைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

சந்தேகம் இருந்தால் கொமென்டில் கேளுங்கள். புரொசசரின் பெயர், பலகையின் பெயர், சுமையில் வெப்பநிலை, இந்த மூன்றையும் எழுதினால் பதில் சொல்ல இலகு. பிரயோசனமென்று நினைத்தால் பகிர்ந்துவிடுங்கள்.